முகாமுக்குப் பணம் கட்டும் முன்

ஏப்ரல் பிறந்ததும் தெருமுனைகளில் கராத்தே, சிலம்பம், டேக்வாண்டோ கோடை முகாம் பேனர்கள் முளைத்துவிடும். பத்து நாளில் பெல்ட், கடைசி நாளில் ‘இன்டர்நேஷனல்’ போட்டி, ஆளுக்கொரு கோப்பை. பிள்ளை வியர்க்க ஆடிவிட்டு வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பக்கத்துத் தெரு முகாமிலேயே சேர்த்துவிடலாம், தவறில்லை. கல்லூரி இடம், அரசு வேலை, பயிற்சியாளர் பணி என்று ஏதாவது ஒரு கணக்கு மனதில் இருந்தால் பேனரை நம்பி இறங்கக் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது காகிதம்.

தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அந்தப் பட்டியலில் சிலம்பமும் சேர்க்கப்பட்டுவிட்டது. 2024 ஜனவரியில் இங்கே நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் சிலம்பம் செயல்விளக்க ஆட்டமாக இடம்பிடித்தது. இதை வைத்துக்கொண்டு ‘சிலம்பம் கற்றால் மத்திய அரசு வேலையும் நிச்சயம்’ என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் 2020-ல் 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக விரிந்தது. புதிதாக வந்த இருபதில் ஊஷு, கூடோ, பென்சாக் சிலாட் ஆகியவை இருந்தன, சிலம்பம் இல்லை. கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, குத்துச்சண்டை, மல்யுத்தம் ஏற்கெனவே இருந்தவை. ஆகவே எந்த வேலைக்குக் குறிவைக்கிறீர்களோ, அந்த ஆண்டு அறிவிப்பில் உள்ள பட்டியலை நீங்களே படித்துப் பாருங்கள். மாஸ்டர் சொன்னார், ஆசான் சொன்னார் என்பது விண்ணப்பத்தில் எடுபடாது.

பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் போட்டி, யார் கையெழுத்து என்பதுதான் அடுத்த கேள்வி. மத்திய அரசு விதிப்படி நாட்டுக்காக ஆடியிருந்தால் தேசியச் சம்மேளனத்தின் செயலாளரும், மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியிருந்தால் மாநிலச் சங்கத்தின் செயலாளரும் கையெழுத்திட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்றால் பல்கலைக்கழக விளையாட்டு அதிகாரி, தேசியப் பள்ளி விளையாட்டு என்றால் கல்வித் துறையில் விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநர் நிலை அதிகாரி. ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் உண்டு. இதற்குள் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் வாங்கிய இருபது ஓப்பன் போட்டித் தங்கங்களைவிட, மாநில அணிச் சட்டையோடு ஒரே ஒரு தேசியப் போட்டியில் ஆடி வந்த காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

‘இன்டர்நேஷனல் ஓப்பன்’ என்ற பெயரில் நடப்பவற்றில் பாதி, பக்கத்து நாட்டிலிருந்து நாலு பிள்ளைகள் வந்து நின்றதால் அந்தப் பெயர் பெற்றவை. அங்கே ஆடுவதில் அனுபவம் கிடைக்கும், அதை மறுக்கவில்லை. நுழைவுக் கட்டணம், பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து அந்த அனுபவத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பணம் கட்டும் முன் அமைப்பாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் ஜெயித்தால் அடுத்து எந்தப் போட்டிக்குத் தேர்வாவோம்? பதில் மழுப்பலாக வந்தால் அது கோப்பைக்கடை.

மாணவருக்கு நம்பகமான படிக்கட்டு பள்ளி வழிதான். பள்ளிக் கல்வித் துறையின் போட்டிகளில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் பிரிவுகள் உண்டு. மாவட்டம், மாநிலம் என்று ஏறி, தேசிய அளவில் இந்தியப் பள்ளி விளையாட்டுச் சம்மேளனத்தின் போட்டி வரை அது போகும். இன்னொரு பக்கம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் முதலமைச்சர் கோப்பை. பள்ளி, கல்லூரி, பொதுமக்கள், அரசு ஊழியர், மாற்றுத்திறனாளி எனத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. சிலம்பமும் ஆடலாம். சமீப ஆண்டுகளில் மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு ஒரு லட்சம் ரூபாய். பதிவு இணையத்தில்தான், கடைசி நாள் முடிந்தபின் யாரைப் பிடித்தும் பயனில்லை.

இதில் பெற்றோர் செய்யும் தவறு ஒன்று. வெளியே மாஸ்டரிடம் பயிற்சி எடுக்கும் பிள்ளை, பள்ளியின் பி.இ.டி. சாரை மதிப்பதில்லை. அவருக்குக் குத்துவரிசை தெரியாமல் இருக்கலாம். பள்ளிப் போட்டிக்குப் பெயர் அனுப்புகிறவரும் அவர்தான், வயதுச் சான்றில் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறவரும் அவர்தான். ஜூன் மாதமே போய் ஒரு வணக்கம் போட்டு, பிள்ளை என்ன ஆடுகிறான், எந்த எடைப் பிரிவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எந்த முகாம்?

முகாமின் உண்மையான லாபம் ஒன்றே ஒன்று: புது ஆட்களோடு மோதிப் பார்ப்பது. வருடம் முழுக்க ஒரே நாலு பேரோடு ஸ்பாரிங் செய்தவனுக்கு அந்த நாலு பேரின் பழக்கம் மட்டும்தான் தெரியும். இடதுகைக்காரன் எதிரே நின்றதும் கால் குழம்பும். வேறு ஊர், வேறு ஆசானிடம் கற்ற பிள்ளைகள் வருகிற முகாமைத் தேடுங்கள். சொந்தக் கிளப் பிள்ளைகளை வைத்தே நடத்தும் முகாமுக்குத் தனிக் கட்டணம் கட்டுவது வீண்.

போட்டிக்கு ஆறு வாரம் முதல் மூன்று வாரம் இருக்கும்போதே முகாம் முடிந்துவிட வேண்டும். முந்தின வாரம் நடக்கும் ‘தீவிர முகாம்’ உடம்பை அசத்திவிடும். கற்றது எதுவும் ஊறாது. கடைசி ஏழெட்டு நாளில் பயிற்சி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருக்க வேண்டும்.

போய்ப் பார்க்காமல் சேர்க்காதீர்கள். மே மாத வெயிலில் காலை எட்டரைக்கு மேல் மைதானத்தில் பிள்ளைகள் நின்றால் திரும்பி வந்துவிடுங்கள். தாகம் என்றால் ‘தண்ணி குடிச்சா ஸ்டாமினா போயிடும்’ என்று சொல்லும் மாஸ்டர் இன்னும் இருக்கிறார். அவரிடம் விவாதிக்க வேண்டாம், வேறு இடம் பாருங்கள். தாமதமாக வந்ததற்குத் தண்டனையாகத் தவளை நடை போடவைப்பதும் அப்படித்தான். வளர்கிற முழங்காலுக்கு அது நல்லதல்ல. முதலுதவிப் பெட்டி, ஐஸ், அவசரத்துக்கு ஒரு வண்டி இருக்கிறதா? தங்கும் முகாம் என்றால் பெண் பிள்ளைகளுக்குத் தனி அறையும் கூடவே தங்கும் பெண் பயிற்சியாளரும் கட்டாயம். கேட்டால் முகம் சுளிப்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்க வேண்டாம்.

விதிப் புத்தகம்

முகாமில் அதிகம் விட்டுப்போவது இதுதான். கராத்தே கட்டாவுக்கு மாதக்கணக்கில் உழைத்தவர்கள்கூட, குமித்தேயில், அதாவது சண்டைப் பிரிவில், புள்ளி எப்படி விழுகிறது என்று கேட்டால் திணறுவார்கள். உலக கராத்தே சம்மேளன விதிப்படி, குத்துக்கு 1, உடம்பில் உதைக்கு 2, தலை உயர உதைக்கும் கீழே விழுந்தவர் மீது போடும் அடிக்கும் 3. எட்டுப் புள்ளி முன்னிலை வந்ததும் ஆட்டம் முடிந்தது. சமநிலையில் நின்றால், எதிராளி புள்ளி எடுக்காத நேரத்தில் முதல் புள்ளி எடுத்தவருக்கு வெற்றி. அதன் பெயர் சென்ஷு. இது தெரிந்தவன் முதல் இருபது நொடியை வேறு மாதிரி ஆடுவான்.

டேக்வாண்டோவில் மார்பில் நேர் உதைக்கு 2, சுழன்று உதைத்தால் 4. தலைக்கு 3, சுழன்றால் 5. குத்துக்கு வெறும் 1. மூன்று சுற்றில் இரண்டை ஜெயித்தால் போதும் என்பதால், ஒரு சுற்றில் பெரிய வித்தியாசத்தில் தோற்றவரும் அடுத்த சுற்றைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம். பெரிய போட்டிகளில் மார்புக் கவசமே புள்ளியைப் பதிவு செய்கிறது. கிளப்பில் ‘டப்’ என்று சத்தம் கேட்ட உதை, அங்கே சென்சாரில் படாமல் போகும். ஒரு தடவையாவது அந்தக் கவசத்தில் பழகிவிட்டுப் போவது நல்லது. உங்களிடம் இல்லையென்றால் இருக்கும் கிளப்பில் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

சிலம்பத்துக்கு வருவோம். ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு, வாள் வீச்சு, சுருள்வாள், மான்கொம்பு, கம்புச் சண்டை என்று பிரிவுகள் நீளும். எல்லாவற்றிலும் பெயர் கொடுக்கும் ஆசை வேண்டாம். வீச்சுப் பிரிவில் நடுவர் பார்ப்பது வேகத்தை மட்டும் அல்ல. சலாம் வரிசையில் தொடங்கி காலடி தப்பாமல் நகர்கிறதா, இரண்டு பக்கமும் சமமாகச் சுழல்கிறதா, கம்பு கை நழுவுகிறதா என்பதையும் பார்க்கிறார். வியர்த்த கையில் பிரம்பு வழுக்கும். முகாமில் மின்விசிறிக்குக் கீழே ஆடிப் பழகியவர் போட்டியன்று திறந்த மைதானத்தில் கம்பை விடுவது அதனால்தான். கம்பின் நீளம் புருவ உயரம் என்பது பழைய கணக்கு. வளரும் பிள்ளைக்குப் போன வருடக் கம்பு இந்த வருடம் குட்டை. சண்டைப் பிரிவில் எந்த இடத்தில் பட்டால் புள்ளி, எது தவறு என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறுகிறது. அழைப்பிதழோடு விதித்தாளையும் கேட்டு வாங்குங்கள்.

எடை

2024 ஆகஸ்ட் 7, பாரிஸ் ஒலிம்பிக். முந்தின நாள் மூன்று ஆட்டங்களை வென்று 50 கிலோ மல்யுத்தப் பிரிவின் இறுதிக்குப் போயிருந்த வினேஷ் போகாட், காலையில் தராசில் 100 கிராம் கூடுதலாக நின்றார். இரவு முழுக்க ஓடியும், வியர்க்கவைத்தும், தலைமுடியை வெட்டியும் அது இறங்கவில்லை. வெள்ளிகூடக் கிடைக்கவில்லை. மருத்துவர், உணவு நிபுணர் எல்லாம் உடனிருந்த உலகத்தர வீராங்கனைக்கே இந்த நிலை என்றால், பதினைந்து வயதுப் பையன் ரெயின்கோட் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஓடுவது எதில் சேர்த்தி?

1997 நவம்பர், டிசம்பரில், ஒரு மாதத்துக்கும் சற்று அதிகமான இடைவெளியில், அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படி எடை குறைக்கப் போய் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே விதிகள் இறுகின. இங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் ‘ரெண்டு கிலோதானே, ரெண்டு நாள் தண்ணி குடிக்காதே’ என்பது இன்றைக்கும் சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. என் தீர்ப்பு கறாரானது: 17 வயதுக்கு உட்பட்ட எவரும் போட்டிக்காக எடை குறைக்கக் கூடாது. இப்போதைய எடை எந்தப் பிரிவோ அதில் ஆடட்டும், தோற்றால் தோற்கட்டும். சிறுநீர் போகவைக்கும் மாத்திரை கொடுப்பவர் பயிற்சியாளரே அல்ல. அது உடம்புக்குக் கேடு. போதாததற்கு ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருக்கிறது. சில சளி மருந்துகளிலும் தடை செய்யப்பட்ட பொருள் உண்டு. தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலியில் மருந்தின் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு விழுங்குங்கள்.

ஆட்ட நாள் பற்றிச் சுருக்கமாக. காலை பத்து மணி ஆட்டம் என்று எழுதியிருந்தால் மாலை நாலுக்கும் வரலாம். கேன்டீனை நம்பாமல் இட்லி, வாழைப்பழம், உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் எடுத்துப் போங்கள். முந்தின இரவு பஸ் ஸ்டாண்டு புரோட்டா வேண்டவே வேண்டாம். ஒருமுறை வார்ம்-அப் செய்துவிட்டு மூன்று மணி நேரம் போனில் மூழ்கியவர் உடம்பு ஆறிப்போய் மேடை ஏறுகிறார். டிரா தாளைப் பார்த்து, உங்களுக்கு மூன்று ஆட்டம் முன்னதாக மறுபடி உடம்பைச் சூடாக்குங்கள். கம் ஷீல்டு, கார்டு, கூடுதல் கம்பு எல்லாம் கைப்பையில், கண் முன்னால் இருக்கட்டும். தலையில் அடிபட்டு வலி, வாந்தி, மயக்கம், குழப்பம் எது வந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியாகவே இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

ஆடி முடித்தபின்

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் காவலர், உதவி ஆய்வாளர் தேர்வுகளில் 10 சதவீதம். பயிற்சியாளராக விரும்புகிறவர் பாட்டியாலாவில் 1961-ல் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தைப் பார்க்கலாம். ஓராண்டுப் பட்டயமும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் அங்கே உண்டு. பள்ளியில் நிரந்தரமாக உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் அதற்குரிய உடற்கல்விப் பட்டம் வேண்டும். எத்தனை டான் பிளாக் பெல்ட் இருந்தாலும் அது பட்டத்துக்கு ஈடாகாது.

கல்லூரி படித்துக்கொண்டே கொஞ்சம் சம்பாதிக்கவும் வழி இருக்கிறது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரிலான தற்காப்புப் பயிற்சி மூன்று மாதம் நடக்கிறது. ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கீடு. பெரிய தொகை இல்லை. ஆனால் முப்பது பிள்ளைகளை ஒருசேர நிறுத்திச் சொல்லிக்கொடுத்த அனுபவம் பின்னால் நேர்முகத் தேர்வில் பேசும். கராத்தே, சிலம்பம் தெரிந்த பெண்களைத்தான் பள்ளிகள் முதலில் தேடுகின்றன.

கடைசியாக ஒரு வேலை, இன்றைக்கே முடிக்கக்கூடியது. சான்றிதழ்க் கோப்பை எடுத்துப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் பக்கத்தில் வையுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றா, பிறந்த தேதி சரியா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் கையெழுத்திட்ட செயலாளர் அந்தப் பதவியில் இருக்கும்போதே போய்த் திருத்தி வாங்கிவிடுங்கள்.