கணினி படிக்கப் போகிற பிள்ளைக்கு, பசறையிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார்

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியான கிழமையில் யாராவது ஒரு பிள்ளை என் வாசலில் வந்து நிற்கும். "சேர், கம்பியூட்டர் சயன்ஸ் கெடச்சிருக்கு. இனிமே கணக்கு அவ்வளவா இருக்காதுதானே?" இருக்கும். முதல் வருடத்திலேயே இருக்கும். நின்றபடி பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

1. இணைந்த கணிதத்தில் 'சி' வந்ததென்று பயப்படாதீர்கள். 'ஏ' வந்தவர்கள் துள்ளவும் வேண்டாம். உயர்தரத்தில் நாம் கப்பியையும் சாய்தளத்தையும் தொகையீட்டையும் மூன்று மணி நேரத் தாளுக்காக வேகவேகமாகச் செய்து பழகினோம். கணினிக்காரருக்கு முதலில் வருவது வேறு கணக்கு: தருக்கம், தொடை (செட்), சார்பு, எத்தனை வழி என்று எண்ணும் முறை. கால அட்டவணையில் 'டிஸ்கிரீட் மெதமெடிக்ஸ்' என்று போட்டிருப்பார்கள். 2005 இல் நம் பதுளையிலேயே தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் சரி, மொறட்டுவைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போனாலும் சரி, இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

2. "கம்பியூட்டர் எவ்வளவு வேகம், அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும்" என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கொழுந்து லொறி தொழிற்சாலையில் கிளம்பி, கொழுந்து நிறுக்கும் 15 மடுவங்களில் நின்று திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? எல்லா வரிசையையும் பார்த்துவிடலாம் என்றால், 15 ஐ 14 ஆல், 13 ஆல், அப்படியே 1 வரை பெருக்குங்கள். 1,307,674,368,000 வரிசைகள். செக்கனுக்குப் பத்து இலட்சம் வரிசை பார்க்கிற கணினிக்கு 15 நாள் ஆகும். சரி, பொறுத்துக்கொள்ளலாம். இன்னும் ஐந்தே ஐந்து மடுவம் சேர்ந்து 20 ஆனால்? சுமார் 77,000 ஆண்டு. கொழுந்து அன்று மாலையே வாடத் தொடங்கிவிடும். இயந்திரத்தைப் பத்து மடங்கு வேகமாக்கினாலும் 7,700 ஆண்டு. இங்கே காசு உதவாது, யோசனைதான் உதவும். ஒரு செய்முறை எத்தனை படியில் முடியும் என்று எழுதும் முன்பே கணக்கிடத் தெரியாதவர் செய்நிரல் எழுதலாம். அதை நம்பி வேலை ஒப்படைக்க முடியாது.

3. 'நிறுவுக' என்று வினாத்தாளில் கண்டால் அடுத்த வினாவுக்குத் தாவுகிற பழக்கத்தை விடுங்கள். என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கொழுந்துத் தராசடியில் சொன்ன நிறையை அப்படியே வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் இல்லை. "சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிச்சீங்க?" என்று கேட்டுத் தன் மனக்கணக்கோடு சரி பார்த்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு இடம் விடுவார். நிறுவல் அதுதான்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற ஒல்லாந்துக்காரர் 1956 இல் அம்ஸ்டர்டாமில் கோப்பிக் கடையொன்றில் உட்கார்ந்து, பென்சில் தாள் இல்லாமல், 20 நிமிடத்தில், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி காணும் முறையை யோசித்தார். 1959 இல் வெளியிட்டார். கிளம்பிய இடத்துக்கு மிக அருகில் இருக்கும் ஊரை முதலில் முடிவு செய், அதிலிருந்து மற்ற ஊர்களின் தூரத்தைத் திருத்து, மிஞ்சியவற்றில் கிட்டியதை எடு, அவ்வளவுதான். பதுளையிலிருந்து ஹப்புத்தளைக்குப் பாதை தேடுங்கள். ஹாலிஎல கிட்ட இருக்கிறதென்று முடிவு செய்தபின் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஏன்? வேறெந்த வழியும் அதைவிடத் தூரமான ஓர் ஊரைத் தொட்டுத்தான் வரும், எந்தப் பாதையின் நீளமும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. தூரத்துக்குப் பதில் செலவை வையுங்கள். ஒரு துண்டுப் பாதையில் யாரோ சாமான் ஏற்றி நமக்கே கூலி தந்தால் செலவு மறை எண் ஆகிவிடும், அப்போது இந்த முறை பிழையான விடை தரலாம். நிறுவலைப் படித்தவருக்குத்தான் எந்த இடத்தில் இது கவிழும் என்று தெரியும்.

4. நிகழ்தகவையும் தாயத்தையும் (மேட்ரிக்ஸ்) பிறகு பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். இன்றைய செயற்கை நுண்ணறிவு தாயங்களைப் பெருக்கிப் பெருக்கித்தான் ஓடுகிறது.

5. ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள். நம் பாடநூலில் தொடை, தாயம், காவி. விரிவுரையில் செட், மேட்ரிக்ஸ், வெக்டர். தமிழ்நாட்டுக் காணொளியில் பாடம் கேட்டால் கணம், அணி, திசையன். (தாயம் என்றதும் சோழி உருட்டுகிற ஞாபகம் வராமல் இருக்காது. எனக்கு இன்றைக்கும் வருகிறது.) எங்கள் பிள்ளைகளில் பலர் முதல் வருடத்தில் தடுமாறியது கணக்கில் அல்ல, சொல்லில்.

6. நான் படித்த தோட்டப் பாடசாலையில் இரண்டு வருடம் கணக்கு வாத்தியார் இல்லை. கரும்பலகையில் பழைய தேதி அப்படியே கிடந்தது. இப்போதும் வெற்றிடங்கள் உண்டு. முதல் விடுமுறைக்கு வரும்போது உங்கள் லயத்துப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளை இஸ்தோப்பில் உட்கார வைத்து மடக்கை சொல்லிக்கொடுங்கள். வெண்பலகை வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று சும்மாதான் இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள்.