நாரிநோவைத் தடுத்தல்: கமக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் சில குறிப்புகள்

விதையும் உரமும் குறைவற இருந்தாலும், வேலை செய்பவர் நாரிப்பிடிப்பினால் படுத்துவிட்டால் அந்தப் போகம் முழுமையாகக் கைக்கு வராது. மண்வெட்டி தேய்ந்தால் புதியது வாங்கலாம். நாரியை அவ்வாறு மாற்ற முடியாது. ஆதலின் நோ வந்தபின் மருந்து தேடுவதைவிட, அது வராமற் காத்தலே சிறந்தது.

நாரந்தனை, கரம்பொன், சரவணை, புளியங்கூடல் ஆகிய அயலூர்களில் நெற்செய்கை மழையை நம்பியது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் விதைப்பும், கார்த்திகை, மார்கழி மாதங்களில் களைபிடுங்கலும், தை, மாசி மாதங்களில் அரிவி வெட்டும் நடைபெறும். அதன்பின் கிணற்று நீரைக்கொண்டு வெங்காயம், மிளகாய், கத்தரி முதலியன செய்கை பண்ணப்படும். இவ்வாறு ஆண்டின் பெரும்பகுதி நிற்றலிலும் குனிதலிலும் தூக்குதலிலும் கழிகின்றது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலம் போய், நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. ஆயினும் களைபிடுங்கலும், பாத்திக்குப் பாத்தி நீர் திருப்புதலும், மூடை சுமத்தலும் இன்னும் மனிதரின் நாரியையே நம்பியுள்ளன.

நோ உண்டாகும் காரணம்

2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 61 கோடியே 90 இலட்சம் மக்கள் நாரிநோவினால் வருந்தினர் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இவர்களுள் பத்தில் ஒன்பது பங்கினருக்கு நோவுக்குக் காரணமென்று ஒரு நோயைத் தனித்துச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. அவ்வாறு வரும் நோவிற் செய்யும் தொழிலின் முறைக்குப் பெரும் பங்குண்டு.

நாரிப்பகுதியில் 5 முள்ளந்தண்டென்புகள் உள்ளன. அவற்றின் இடையே மெத்தைபோன்ற வட்டுக்கள் இருக்கின்றன. சுவீடன் தேசத்து வைத்தியர் அல்வ் நக்கெம்சன் என்பவர் 1960 ஆம் ஆண்டுகளில் இவ்வட்டினுள் ஊசி செலுத்தி அமுக்கத்தை அளந்தார். படுத்திருக்கும்போது அமுக்கம் குறைவாகவும், நிற்கும்போது கூடுதலாகவும், முன்னே குனிந்து பாரம் பிடிக்கும்போது மிகக் கூடுதலாகவும் இருந்தது.

இதன் காரணத்தைத் துலாவைக் கொண்டு எளிதில் விளங்கலாம். ஆடுகாலிலிருந்து நெடுந்தூரத்தில் தொங்கும் சிறு பாரத்தைத் தூக்க, ஆடுகாலுக்கு அருகே நிற்பவர் பெரும் பாரத்தைக் கொடுக்கவேண்டும். எமது உடலில் முள்ளந்தண்டு ஆடுகாலாகும். முதுகின் தசைகள் அதற்குப் பின்னே ஏறத்தாழ 5 சதமமீற்றர் தூரத்திலேயே இழுக்கின்றன. 10 கிலோகிராம் பாரத்தை 50 சதமமீற்றர் முன்னே நீட்டிப் பிடித்தால், அதனைச் சமப்படுத்தத் தசைகள் ஏறத்தாழ 100 கிலோகிராம் பாரத்திற்கு ஈடாக இழுக்கவேண்டும். அதே பாரத்தை 25 சதமமீற்றருக்குள் அணைத்துப் பிடித்தால் இழுப்புப் பாதியாகும். வெறுங்கையுடன் குனிந்தாலும், தலையும் மார்பும் கைகளும் முன்னே தொங்கும் பாரமாகின்றன. களைபிடுங்குபவர் ஒன்றும் தூக்காமலே நாரி உளைவதாகக் கூறுவது இதனாலேயே.

அசையாது நிற்றலும் நன்றன்று. நடக்கும்போது தசைகள் மாறிமாறி இளைப்பாறும். ஒரே நிலையில் நிற்கும்போது அவை விடாது இறுகிச் சோர்வடையும்.

பிடி நீளமாக இருத்தல் வேண்டும்

குனிவதைக் குறைக்கும் முதல் வழி, ஆயுதத்தின் பிடியை ஆளின் உயரத்திற்கேற்ப அமைத்தலாகும். இதற்கு அமெரிக்காவின் கலிபோணியா மாநிலத்தில் நிகழ்ந்தது தக்க சான்று. அங்கு சலாது, பீற் முதலிய பயிர்களில் கன்று கலைக்கவும் களை நீக்கவும், முழங்கை நீளமளவு பிடியுடைய களைக்கொத்தைத் தொழிலாளர் பயன்படுத்திவந்தனர். நாள் முழுவதும் இரண்டாக மடிந்து வேலை செய்ததால் பலருடைய முதுகு நிலையாகக் கெட்டது. நீண்ட பிடியால் வேலை திருந்தாது, பயிர் சேதமாகும் என்று நிலவுடைமையாளர் வாதித்தனர். வைத்தியர்களின் சாட்சியம் ஆராயப்பட்டு, மாநில உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பை அடுத்து 1975 ஆம் ஆண்டில் அக்குறுங்கொத்து தடைசெய்யப்பட்டது. அதன் பின்னரும் அந்நிலங்களிற் சலாது விளைந்தே வருகின்றது. பயிருக்காக முதுகை ஒடிக்கவேண்டியதில்லை என்பது இதனாற் புலனாகும்.

நிமிர்ந்து நின்று களைக்கொத்தை நிலத்தில் ஊன்றினால் அதன் பிடி மார்பளவிற்கு வருதல் நன்று. மண்வெட்டியின் பிடி இடுப்பளவிற்குக் குறையலாகாது. கணவனும் மனைவியும் வேறுபட்ட உயரமுடையவராயின், இருவருக்கும் வெவ்வேறு பிடி வேண்டும். அலகைக் கூராக வைத்திருங்கள். மழுங்கிய அலகு இரட்டிப்பு உழைப்பை வாங்கும்.

வீசி விதைத்த வயலில் களையைக் கையாலேயே பிடுங்கவேண்டியுள்ளது. வரிசையில் விதைத்தால் அல்லது நட்டால், உருளும் களைநீக்கியை நிமிர்ந்து நின்றபடியே தள்ளலாம். சிறு தறையொன்றிலேனும் இதனைச் செய்து பாருங்கள். வெங்காயப் பாத்தியில் நின்றபடி குனியாது, சாக்கொன்றை மடித்திட்டு ஒரு முழங்காலை ஊன்றியோ, தாழ்ந்த பலகையில் அமர்ந்தோ களை பிடுங்குங்கள். முழங்காலை அடிக்கடி மாற்றிக்கொள்ளுங்கள்.

நிற்கும் முறையும் வேலை மாற்றமும்

காய்கறி தெரிந்து கட்டும் மேசை முழங்கை உயரத்திற்குச் சற்றே தாழ்வாக இருத்தல் வேண்டும். நெடுநேரம் நிற்பவர் ஒரு சாண் உயரமுள்ள கல்லிலோ பலகையிலோ ஒரு காலை வைத்து, சிறிது நேரத்திற்கொருமுறை காலை மாற்றுதல் நாரிக்கு ஆறுதல் தரும்.

ஒரே வேலையை அரைமணித்தியாலத்திற்கு மேல் தொடராதீர்கள். குனியும் வேலைக்குப்பின் நடக்கும் வேலையை மேற்கொள்ளுங்கள். அரிவி வெட்டுபவரும் உப்பட்டி கட்டுபவரும் இடையிடையே வேலையை மாற்றிக்கொள்ளலாம். வரம்பை அடைந்ததும் நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றி, மெல்லப் பின்னே சாய்ந்து நான்கைந்து முறை முதுகை நீட்டுங்கள்.

இரவில் படுத்திருக்கும்போது வட்டுக்கள் நீரை ஏற்றுப் பருக்கின்றன. ஆதலால் விடியலில் எழுந்தவுடன் குனிந்து பாரம் தூக்குவது கேடு. முதல் மணித்தியாலத்தை நடந்து செய்யும் வேலைகளுக்கு ஒதுக்குங்கள்.

பாரம் தூக்குதல்

வளர்ந்த ஆணொருவர் சுமக்கும் பாரம் 55 கிலோகிராமிற்கு மேற்படலாகாது என்பது சர்வதேசத் தொழில் தாபனம் 1967 ஆம் ஆண்டில் செய்த பரிந்துரையாகும். பெண்களுக்கு அதனிலும் மிகக் குறைந்த பாரமே தகும் என்றும் அது கூறுகின்றது. 50 கிலோகிராம் உரமூடை இவ்வெல்லையை அணுகிவிடுகின்றது. சாக்கு நிறைய அடைத்த நெல் அதனைக் கடந்துவிடலாம். ஆகவே நெல்லை அரைச்சாக்காகக் கட்டுங்கள். அல்லது இருவர் சேர்ந்து தூக்குங்கள். இயன்றவிடத்துத் தள்ளுவண்டியைப் பயன்படுத்துங்கள். கர்ப்பிணிகள் பாரம் தூக்கலாகாது.

தூக்கும்போது பாரத்தை அணுகி நின்று, முழங்கால்களை மடித்து, உடலோடு அணைத்து எழும்புங்கள். தூக்கியபடி இடுப்பைத் திருகாது, பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புங்கள். பெரிய வாளியொன்றை ஒரு கையில் சுமப்பதைவிடச் சிறிய வாளிகள் இரண்டை இரு கைகளிலும் சுமத்தல் நன்று.

16 லீற்றர் தெளிகருவி நிறைந்தால் நீர் மாத்திரமே 16 கிலோகிராம் ஆகும். அதனை இடுப்பளவு மேடையில் வைத்து நிரப்பி, அங்கிருந்தே முதுகில் மாட்டி, இரு வார்களையும் சமமாக இறுக்குங்கள். கிணற்றுக் கட்டை இதற்கு மேடையாக்க வேண்டாம். நஞ்சு கிணற்றில் விழும்.

நோ வந்துவிட்டால்

பலநாள் பாயிற் படுத்திருக்கவேண்டும் என்ற பழைய கருத்து கைவிடப்பட்டுள்ளது. கடும் வேலையை நிறுத்தி, இயன்றவரை மெல்ல நடமாடுதலே விரைவிற் குணம் தரும். சுடுநீர் ஒற்றடம் நோவைத் தணிக்கும். நெடுநாள் நாரிநோவுக்கு இடுப்புப்பட்டி கட்டுவதை உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில் விதந்துரைக்கவில்லை. தக்க உடற்பயிற்சியையே விதந்துரைக்கின்றது.

காலில் விறைப்போ பலவீனமோ உண்டானாலும், சிறுநீர் அல்லது மலம் அடக்கமுடியாது போனாலும், சிறுநீர் கழியாது தடைப்பட்டாலும், தொடைகளின் இடைப்பகுதி உணர்விழந்தாலும், காய்ச்சலோடு நோ வந்தாலும், விழுந்தபின் நோ தொடங்கினாலும் எண்ணெய் பூசிக் காத்திராது, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கமக்காரர்களே! அடுத்த விதைப்பிற்குமுன் கலப்பையைச் சரிபார்ப்பதுபோல் உங்கள் களைக்கொத்தையும் மண்வெட்டியையும் எடுத்து, அவற்றின் பிடியை உங்கள் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறுகியதாயின் இன்றே மாற்றுங்கள். ஒரு தடியின் செலவு சிறிது. அதனாற் காக்கப்படும் நாரியோ ஆயுள் முழுவதும் உழைக்கவேண்டியது.