வண்டி கைமாறினால் பெயரும் மாற வேண்டும்

சரக்கு முதலைத் தொடாமல், பழைய மொபெட்டையும் கடையில் சும்மா கிடக்கும் பிரிட்ஜையும் விற்று, செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள் வாங்குவது சிக்கனமே. ஆனால் மொபெட்டுக்குப் பணத்தை எண்ணி வாங்கியதோடு நம் பொறுப்பு தீராது. ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் நீடித்தால், இன்சூரன்ஸ் இல்லாத அந்த வண்டி யார்மீது மோதினாலும் நஷ்டஈடு நம் தலையில் விழும். கார் பல கை மாறியிருந்தும், பதிவில் இருந்தவரே பொறுப்பு என்று 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களிலும், வாங்கியவர் 30 நாட்களிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே கந்தர்வக்கோட்டையில் பேரம் முடிந்ததும் படிவம் 29, 30-ஐப் பூர்த்தி செய்து, பெயர் மாறியதை நாமே பார்த்துக்கொள்வோம்.