கல்லாவிலிருந்து மக்களவைக்கு

கடை நன்றாக ஓடுகிறது. பிள்ளைகள் பொறுப்புக்கு வந்துவிட்டார்கள். ஊர்க் கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று எங்கே போனாலும் "இந்தத் தடவை நீங்களே நில்லுங்களேன் அண்ணாச்சி" என்று நாலு பேர் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் வந்துவிட்டது. அப்படியானால், வேட்புமனு வாங்குவதற்கு முன் நீங்கள் நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டிய வாழ்க்கை ஒன்று இருக்கிறது. எச். வசந்தகுமாருடைய வாழ்க்கை.

1950-ல் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். தவணை விற்பனைக்குப் பேர்போன வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தார். 1978-ல் வசந்த் அண்ட் கோ என்று சொந்தக் கடை போட்டார். மின்விசிறி, மிக்ஸி, டி.வி., ஃபிரிட்ஜ் என்று தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளுக்குள் ஒவ்வொரு சாமானாக நுழைந்த காலம் முழுக்க அந்தப் பெயரும் கூடவே நுழைந்தது. 2006-ல் நாங்குநேரியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று சட்டமன்றத்துக்குப் போனபோது கடைக்கு வயது 28. கன்னியாகுமரியிலிருந்து மக்களவைக்குப் போனது 2019-ல். அப்போது அவருக்கு வயது 69.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் கடை. கடை தன் காலில் நின்ற பிறகு சட்டமன்றம். அங்கே பழகிய பிறகு மக்களவை. பணம் சேர்ந்ததும் நேராக டெல்லி என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். 2019-ல் அவர் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில் சொத்து மதிப்பு சுமார் 417 கோடி ரூபாய். ஆனால் கன்னியாகுமரி அவரை அனுப்பியது அந்தத் தொகைக்காக என்று எடுத்துக்கொண்டால் தப்பான பாடத்தைப் படிப்பீர்கள். பணத்தால் மட்டும் முடியும் என்றால் 2011-லும் 2014-லும் அவர் தோற்றிருக்கவே மாட்டார்.

தவணை வியாபாரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். அதில் விற்பது முதல் நாள் வேலை. மிச்ச மாதங்கள் எல்லாம் வசூல். எந்த வீட்டில் சம்பளம் முதல் தேதி, எந்த வீட்டில் பத்தாம் தேதி, யார் வீட்டில் இந்த மாதம் காதுகுத்து, யாருக்கு உண்மையிலேயே முடியவில்லை, யார் சாக்குச் சொல்கிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கறாராகவும் இருக்க வேண்டும், அடுத்த சாமான் வாங்க அவர்களே நம் கடைப் படியேறி வருகிற மாதிரியும் நடந்துகொள்ள வேண்டும். வாங்கிய பொருள் பழுதானால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் சொல்லுக்கு மதிப்புண்டு என்று நம்பிக் கொடுத்துப் பெரிதான தொழில் அது.

தொகுதி வேலையும் இதேதான். ஓட்டு வாங்குவது ஒரு நாள். அதற்குப் பிறகு அறுபது மாதத் தவணை, இந்த முறை கட்ட வேண்டியவர் நீங்கள். மொத்த வியாபாரம், ஏற்றுமதி, ஒப்பந்த வேலை என்று பத்துப் பதினைந்து பெரிய வாடிக்கையாளர்களோடு மட்டும் பழகிய தொழிலதிபர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். உங்கள் தொழில் அப்படிப்பட்டது என்றால், போட்டியிடுவதற்கு மூன்று, நான்கு வருடம் முன்னதாகவே தெருவில் இறங்கிப் பழகுங்கள். ஆளனுப்பினால் போதாது, நீங்களே போக வேண்டும். விளவங்கோட்டில் ரப்பர் விலை, குளச்சலில் கடற்கரை, நாகர்கோவிலில் ரயில் என்று கன்னியாகுமரியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளிலும் ஆறு விதமான பேச்சு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்த கரை அது. அப்படிப்பட்ட இடத்தில் மேடைப்பேச்சு மட்டும் எடுபடாது.

குடும்பப் பின்னணியையும் மறைக்க வேண்டியதில்லை. அண்ணன் குமரி அனந்தன் 1977-ல் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் வென்றவர். காமராஜர் 1969-லும் 1971-லும் வென்ற தொகுதி அது. பிறகு தொகுதி மறுவரையறையில் கன்னியாகுமரி என்று பெயர் மாறியது. அந்த வாசல் தம்பிக்கு உதவியிருக்கும். உங்களுக்கு அப்படி ஒரு அண்ணன் இல்லையென்றால், உங்கள் கணக்கில் இன்னும் சில வருடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தோல்வியை எங்கே எழுதுவது?

2011-ல் நாங்குநேரியை இழந்தார். 2014-ல் கன்னியாகுமரியில் பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணனிடம் 1,28,000-க்கும் அதிகமான வாக்குகளில் தோற்றார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டில் காங்கிரஸ் தனித்து நின்றது, எங்கும் வெல்லவில்லை. அந்தக் கட்சி இரண்டாம் இடத்துக்கு வந்த தொகுதி கன்னியாகுமரி. வியாபாரிகள் இதை எப்படிப் படிக்க வேண்டும் என்றால், சந்தை முழுக்கச் சரிந்த வருடத்திலும் இந்த ஒரு கிளையில் வாடிக்கையாளர் விட்டுப்போகவில்லை. 2016-ல் மறுபடி நாங்குநேரி, வெற்றி. 2019-ல் அதே பொன். ராதாகிருஷ்ணனை 2,59,933 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இம்முறை திமுக கூட்டணி கூட இருந்தது. கூட்டணி என்பது தேர்தலில் சரக்கு ரயில் மாதிரி, அது இல்லாமல் எவ்வளவு நல்ல சரக்கும் ஊர் போய்ச் சேராது. ஆனால் ரயில் வருகிற நாளில் உங்கள் சரக்கு ரயிலடியில் தயாராக இருக்க வேண்டும். இரண்டு தோல்விகளுக்குப் பிறகும் அவர் அங்கே இருந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் வழியை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஒருவர் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் சேர்ந்து இருக்க முடியாது. மக்களவைக்குத் தேர்வானவர் 14 நாட்களுக்குள் மாநிலப் பதவியை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்களவை இடம் போய்விடும். அவரும் விட்டார். அதே ஆண்டு அக்டோபரில் நாங்குநேரியில் இடைத்தேர்தல் வந்தது, அதில் காங்கிரஸ் தோற்றது. ஐந்து வருடத்துக்கு வாக்குக் கொடுத்த ஊரை மூன்று வருடத்தில் விட்டுப்போவதை மக்கள் கணக்கில் வைத்துக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டு டெல்லிக்குப் போக நினைத்தால், காலம் முடியும்வரை காத்திருப்பதுதான் மரியாதை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

இனி சட்டம். வேலைக்காரரோ ஆசிரியரோ நிற்கும்போது வராத சிக்கல் வியாபாரிக்கு வரும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 9A பிரிவை உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். அரசுக்குச் சரக்கு கொடுக்கவோ, அரசு வேலையைச் செய்து கொடுக்கவோ உங்கள் தொழில் வழியாகப் போட்ட ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் நீங்கள் தகுதியிழக்கிறீர்கள். மக்களவை, மாநிலங்களவைக்கு நிற்பவருக்கு மத்திய அரசின் ஒப்பந்தம் தடை, சட்டமன்றத்துக்கு நிற்பவருக்கு மாநில அரசின் ஒப்பந்தம் தடை. ரயில்வே விடுதிக்குக் குளிர்சாதனப் பெட்டி கொடுக்க ஒப்புக்கொண்டு பாதி இன்னும் கொடுக்காமல் இருந்தால் ஆபத்து. முழுவதையும் கொடுத்து முடித்து, பில் தொகை மட்டும் வர வேண்டியிருந்தால் அந்த ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகச் சட்டம் கருதாது. வித்தியாசம் ஒரு டெலிவரி சலான்தான். அந்தச் சலானைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்து படிவம் 26. உங்கள் சொத்து, மனைவி அல்லது கணவர் சொத்து, சார்ந்திருப்பவர்கள் சொத்து, கடன், ஐந்து வருட வருமான வரிக் கணக்கு, வருமானம் வரும் வழி, நிலுவையில் உள்ள வழக்குகள் எல்லாம் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அது உடனே பொதுவுக்கு வந்துவிடும். உங்கள் போட்டிக் கடைக்காரரும் படிப்பார், உங்களிடம் வேலை செய்கிறவரும் படிப்பார், சம்பந்தி வீட்டாரும் படிப்பார்கள். அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால் இந்தப் பாதையே வேண்டாம்.

பிறகு செலவு. தமிழ்நாட்டில் ஒரு மக்களவை வேட்பாளர் 2019-ல் 70 லட்சம் வரை செலவு செய்யலாம், 2022 முதல் 95 லட்சம். தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். முடிவு வந்த 30 நாட்களுக்குள் கணக்கு ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் தகுதியிழப்பு. வியாபாரிகள் சறுக்குவது பெரிய தொகையில் அல்ல. கடை வேன், கடை டிரைவர், கடைச் செலவில் அடித்த நோட்டீஸ் என்று கை பழகிய விஷயங்களில்தான். முதல் நாளே ஒரு கணக்குப்பிள்ளையை இதற்கென்றே அமர்த்திவிடுங்கள். கடைக் கணக்கு பார்ப்பவர் இதைத் தொடவே கூடாது.

அவைக்குள் போன பிறகும் இந்த எச்சரிக்கை தேவை. மக்களவை விதிகளின்படி, உங்களுக்கு நேரடிப் பண நலன் இருக்கும் விஷயத்தில் நீங்கள் போடும் வாக்கை மற்றவர் ஆட்சேபிக்கலாம். டி.வி. விற்கிறவர் டி.வி. மீதான வரியைப் பற்றிப் பேச எழுந்தால், தன் தொழிலை முதலில் சொல்லிவிட்டுப் பேசுவதுதான் கௌரவம். 2005 டிசம்பரில், கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காகப் பதினொரு எம்.பி.க்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கறை இன்னும் மறக்கப்படவில்லை.

முதலாளி அல்ல, 543-ல் ஒருவர்

மனதைத் தயார் செய்ய வேண்டிய இடம் இது. கடையில் ஒரு சொல் சொன்னால் மாலைக்குள் நடக்கும். இங்கே நீங்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதா சட்டமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாடாளுமன்ற வரலாற்றிலேயே 14 மட்டும் நிறைவேறின, கடைசியாக நிறைவேறியது 1970-ல். கட்சிக் கொறடா சொல்கிற பக்கம்தான் வாக்களிக்க வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி என்பார்கள். அதில் ஒரு ரூபாயும் உங்கள் கைக்கு வராது. நீங்கள் பரிந்துரைப்பீர்கள், மாவட்ட நிர்வாகம் சரிபார்த்து வேலையை நடத்தும். நல்ல வசூல்காரர் போலக் கோப்பின் பின்னால் நடக்கத் தெரிந்தவருக்கு இது கைவரும்.

உங்கள் கையில் முழுமையாக இருக்கும் ஆயுதம் கேள்வி. குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். நேரில் பதில் கிடைக்கும் நட்சத்திரக் கேள்விகள் நாளுக்கு 20 மட்டுமே, அதுவும் குலுக்கலில் வருபவை. எழுத்துபூர்வமாகப் பதில் வரும் கேள்விகள் நாளுக்கு 230 வரை. எழுத்துப் பதிலை மட்டமாக நினைக்காதீர்கள். அமைச்சகம் எண்ணோடும் தேதியோடும் தரும் பதில் உங்கள் தொகுதிக்காரர் கையில் ஒரு ரசீது. படித்த இளைஞர் ஒருவரை ஆராய்ச்சி உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற ஆய்வு நிறுவனம் எம்.பி.க்களோடு வேலை செய்ய இளம் பட்டதாரிகளை அனுப்பும் திட்டமே நடத்துகிறது. ஷோரூமில் விற்பனையாளருக்குச் செலவழிக்கிறவர் இங்கே ஒரு நல்ல உதவியாளருக்குத் தயங்கக் கூடாது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வசந்தகுமார் 2019 ஜூனில் பதவியேற்றார். 2020 ஆகஸ்ட் 28 அன்று கொரோனாவில் சென்னையில் காலமானார். அகஸ்தீஸ்வரத்தில் அடக்கம் செய்தார்கள். இடையில் அவருக்குக் கிடைத்தவை மூன்று கூட்டத்தொடர்கள். 2020 ஏப்ரலில் மத்திய அரசு தொகுதி மேம்பாட்டு நிதியையும் இரண்டு வருடத்துக்கு நிறுத்தியிருந்தது. 2021 இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் அந்த இடத்துக்கு வந்தார், 2024-லும் வென்றார். கடை நடந்துகொண்டிருந்தது. ஆகவே உங்கள் தொகுதியின் முதல் கேள்வியை இரண்டாம் வருடத்துக்கு என்று வைக்காதீர்கள். வெற்றிச் சான்றிதழ் கைக்கு வந்த வாரமே எழுத உட்காருங்கள்.