மிதிவண்டி பழகுவார்க்கு உடையும் துணைப்பொருளும்

திண்டிவனத்தினின்று மரக்காணம் செல்லும் சாலையில், பெருமுக்கல் குன்றைக் கடந்து கிழக்கே செல்லச் செல்ல, காற்றில் உப்பின் வாடை ஏறுவதை அவ்வழிச் செல்வார் யாவரும் உணர்வர். அச்சாலையிலேதான் யான் சென்ற கோடை விடுமுறையில் மிதிவண்டி பழகினேன். மூன்றாம் நாள் வேட்டியின் கரை சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் இடையே அகப்பட்டது. வண்டி நின்றது, யான் நிற்கவில்லை. முழங்கையில் அன்று பெற்ற தழும்பே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம்.

சங்கிலி வண்டியின் வலப்புறத்தில் ஓடுவது. ஆதலின் வலக்காலின் உடையே முதலில் காக்கற்பாலது. காற்சட்டை அணிவோர் அதன் வாயைக் காலுறைக்குள் செருகலாம். அன்றி ஒரு ரப்பர் வளையம் இடலாம். வேட்டியுடுப்போர் தார்பாய்ச்சிக் கட்டுதல் நன்று. வெறுமனே மடித்துக் கட்டிய வேட்டி, காற்றடித்தால் அவிழ்ந்து விழும். துணி அகப்பட்டபின் அதைப் பிடித்து இழுத்தல் பேதைமை. இறங்கி நின்று மிதியைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றின் அது தானே வெளிவரும். இதனை அறியாமல் யான் இழுத்தேன், வேட்டியும் கிழிந்தது. சங்கிலியை முழுவதும் மறைக்கும் தகட்டு மூடியுள்ள வண்டி கிடைப்பின், அழகில் குறைந்ததாயினும் அதனையே கொள்க.

மகளிர் உடை மிதிவண்டிக்கு ஏலாது என்பார் இன்றும் உளர். இங்கிலாந்தில் இவ்வுடைச் சிக்கல் பெரும் விவாதமாய் இருந்தது. பெண்டிர்க்குத் தடையில்லா உடை வேண்டுமென்று 1881-இல் இலண்டனில் ஒரு சங்கமே நிறுவினர். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலோ, 1991-இல் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு மிதிவண்டியும் கற்பித்தபோது, சிற்றூர்ப் பெண்கள் சேலையோடே ஏறினர். அப்போது ஆட்சியராயிருந்த ஷீலாராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பெரிதும் ஊக்கம் அளித்தார். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால், நடுவே குறுக்குக் கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே பலர் வாங்கினர். அக்கம்பியின்மேல் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதும் அவர்கள் கண்ட நன்மை. எனவே தக்க உடை கிடைக்கட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்க. துப்பட்டாவைப் பின்னே முடிந்துகொள்க. பின்சக்கரத்தின் மேற்பாதியில் வலைக்காப்பு ஒன்று பொருத்துக. இம்மூன்றுமே போதும்.

உப்பளப் பக்கத்து வெயில் மேலிருந்து மட்டும் வருவதன்று. பாத்திகளின் வெண்மையில் பட்டுக் கீழிருந்தும் கண்ணைத் தாக்கும். ஆதலின் கண்ணுக்கு நிறக்கண்ணாடி அங்கு ஆடம்பரமாகாது. மெல்லிய வெளிர்நிறப் பருத்திச் சட்டை சிறந்தது. ஆனால் மிகத் தளர்ந்திருத்தல் ஆகாது. பிற்பகலில் கடற்காற்று எழுமாதலின், அந்நேரம் மரக்காணம் நோக்கிச் செல்பவன் சட்டை பாய்போல் விரிந்து அவனையே பின்னுக்குத் தள்ளும். செருப்பு குதிங்காலையும் பற்றும் வாருடையதாக இருத்தல் வேண்டும். தலைக்கவசமோ புருவத்திற்கு இரு விரல் மேலே நேராக அமரவேண்டும். பிடரிக்குச் சரிந்தால் நெற்றியைக் காவாது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணியலாகாது. உள்ளேயுள்ள நுரைப்பகுதி நசுங்கியிருக்கும்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர். நெய்தல் நிலத்து உப்பை ஏற்றிச் சென்ற உமணர், வழியில் அச்சு முறியுமோ என்று அஞ்சி வண்டியின் அடியில் வேறோர் அச்சையும் கட்டிச் சென்றனர். அச்சேமவச்சையே அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் ஔவையார். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் காண்க. நமக்குச் சேமவச்சாவன ஒரு காற்றடிக்கும் பம்பு, ஒட்டுப்போடும் பொருள்கள், ஒரு திருகுசாவி, ஒரு குப்பி நீர். பம்பின்றிப் போய், வெயிலில் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தவர் உமணரின் அறிவை வியப்பர்.

அவ்வுப்பே வண்டிக்குப் பகை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-ஐ விஞ்சின், இரும்பில் படிந்த உப்பு அவ்வீரத்தை ஈர்த்து உப்புநீராகித் துருவை விளைக்கும். வீடு திரும்பியதும் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, சங்கிலிக்குத் தையல் இயந்திர எண்ணெய் சில துளி இட்டு, மிகுந்ததை ஒற்றி எடுக்கவேண்டும்.

என் தோழர் சிலர் முதலில் கையுறை வாங்கினர். அந்தி மயங்கியபின் உப்பு ஏற்றிய லாரி எதிரே வரும்போது கையுறை யாருக்குத் தெரியும்? கையிற் பொருள் சிறிதே உள்ளவர் முன்னே ஒரு வெள்விளக்கும், பின்னே ஒளிபட்டால் மின்னும் ஒரு செவ்வில்லையும் முதலில் வாங்குக, அடுத்துத் தலைக்கவசம். துடைக்கும் துணிக்குக் காசு வேண்டா. என் கிழிந்த வேட்டியை அன்னையார் நான்காக வெட்டித் தந்தார். மூன்று துண்டு இன்னும் மீதியுள்ளது.