பற்றரியிலிருந்து எழும் வாயு



சொந்தக் காணியையும் வீட்டையும் விட்டு வந்து தற்காலிகக் கொட்டில்களில் வாழும் பலருக்கு இரவில் வெளிச்சம் தருவது 12 வோல்ற் பற்றரிதான். அதற்கு மின்னேற்றும்போது நிறமோ மணமோ இல்லாத ஒரு வாயு வெளிவருகிறது. அதுவே ஐதரசன். இதைப் பற்றி வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருப்பது அவசியம்.

எங்கிருந்து வருகிறது?

பற்றரிக்குள் ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும் உண்டு. பற்றரி நிறையும் தறுவாயில், மேலதிக மின்சாரம் அந்த நீரை ஐதரசன், ஒட்சிசன் எனப் பிரிக்கிறது. குமிழிகள் எழுவதும் நாளடைவில் நீர் குறைவதும் இதனாலேயே. நாகம் பூசிய வாளியில் பற்றரி அசிட்டை ஊற்றினாலும், அலுமினியப் பாத்திரத்தில் கோஸ்டிக் சோடாவைக் கரைத்தாலும் இதே வாயு உண்டாகும்.

நெருப்புடன் சேர்ந்தால்?

காற்றின் 100 பங்கில் 4 பங்கு ஐதரசன் சேர்ந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றும். இன்னும் கூடினால் வெடிக்கும். பள்ளிக்கூடச் சோதனைக் குழாயில் பிள்ளைகள் கேட்கும் ‘பொப்’ என்ற ஒலி அத்தகைய சிறு வெடிப்பே. எரிந்தபின் உண்டாவது நீர் மாத்திரமே.

இவ்வாயு காற்றைவிட ஏறக்குறைய 14 மடங்கு இலேசானது. ஆகவே மேலெழுந்து, வெளியேற வழியில்லாவிட்டால் கூரையின் கீழ் தேங்கும். 2011 மார்ச்சில் யப்பானின் புக்குசிமா அணுமின் நிலையத்தில் கட்டடங்களைச் சிதறடித்ததும் உள்ளே தேங்கிய ஐதரசனே.

எல்கடுவ போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் இரவில் கதவு யன்னலைச் சாத்திக்கொள்கிறோம். அதே அறையில் பற்றரியும் குப்பி விளக்கும் இருந்தால் ஆபத்து அருகில் இருக்கிறது. பற்றரி வெடித்தால் அசிட் கண்ணிலும் முகத்திலும் தெறிக்கும்.

இதே ஐதரசன் நமக்கு உதவவும் செய்கிறது. அதை நைதரசனுடன் சேர்த்து அமோனியாவும், அதிலிருந்து யூரியாப் பசளையும் செய்கிறார்கள். இவ்வாறு அமோனியா செய்யும் முதலாவது பெரிய தொழிற்சாலை 1913 இல் ஜேர்மனியில் இயங்கத் தொடங்கியது. அடைபட்ட இடமும் பொறியும் சேரும்போதுதான் இவ்வாயு எமனாகிறது.

செய்ய வேண்டியவை

1. திண்ணை போன்ற காற்றோட்டமுள்ள, மழை படாத இடத்தில் மின்னேற்றுங்கள்.
2. நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சியோ விளக்கோ பிடிக்க வேண்டாம், டோர்ச் போதும்.
3. சார்ஜரை நிறுத்திய பின்னரே கவ்விகளைக் கழற்றுங்கள்.
4. பற்றரியின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இரும்புச் சாவி படாமல் பாருங்கள்.
5. அருகில் பீடி, சுருட்டு புகைக்க வேண்டாம். பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள்.
6. கண்ணில் அசிட் பட்டால் உடனே சுத்தமான நீரால் 20 நிமிடமாவது கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கூடிப் பேசுவோம்

நமது கொட்டிலில் பற்றரி எங்கே இருக்கிறது? அதற்கு மேலே காற்று வெளியேற வழி உண்டா? அடுப்பும் விளக்கும் எவ்வளவு தூரத்தில் உள்ளன? இன்றிரவு மின்னேற்றுவதற்கு முன் எதை மாற்றலாம்?