மலிவான பஸ்ஸும் மௌனமான பயணியும்



துணிக்கட்டு வாங்கப் போகும் நம்மவர் அதைத் தொட்டுப் பார்ப்பார். வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். ஓரத்து நூலை இழுத்துப் பார்ப்பார். பத்து வெள்ளி பெறும் சரக்கை ஒருவர் ஆறு வெள்ளிக்குத் தருவதாகச் சொன்னால், "எங்கே குறைத்திருக்கிறான்?" என்ற கேள்வி அவர் மனத்தில் உடனே எழும். அந்தக் கேள்வி எழாதவர் வியாபாரத்தில் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆனால் அதே மனிதர், தம் மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் சுற்றுலாப் பஸ்ஸை வாடகைக்குப் பேசும்போது, "எது மலிவு?" என்ற ஒன்றை மட்டுமே கேட்டு முன்பணத்தை எண்ணி வைத்துவிடுகிறார். சரக்குக்குக் காட்டும் எச்சரிக்கையை உயிருக்குக் காட்டாதது ஏன் என்பதை இந்தப் பாடத்தில் சற்று ஆராய்வோம்.

உலகெங்கும் சாலை விபத்துக்களில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 லட்சம் பேர் மாள்வதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களுள் பஸ் பயணிகள் சிறு பகுதியினரே. பஸ் பொதுவாகப் பாதுகாப்பான வாகனந்தான். மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும். ஆயினும் ஒரு பஸ் கவிழ்ந்தால் ஒரே வேளையில் பல குடும்பங்களில் விளக்கு அணைகிறது. மாண்டவர்கள் வேற்று நாட்டுக்கு உல்லாசமாகப் போனவர்களாயின், துயரத்தோடு மொழி தெரியாத ஊரும், அறியாத சட்டமும், உடலை ஊர் கொண்டு சேர்க்கும் பாடும் சேர்ந்துகொள்கின்றன.

மலையிறக்கத்தில் நடந்தவை

தொலைதூரம் போக வேண்டியதில்லை. 2010 டிசம்பர் 20ஆம் தேதி, கேமரன் மலையில் விடுமுறையைக் கழித்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பஸ் ஒன்று கவிழ்ந்தது. குறைந்தது 27 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்திலிருந்து வந்த விருந்தினர்கள்.

2013 ஆகஸ்ட் 21ஆம் தேதி, கெந்திங் மலையிலிருந்து கோலாலம்பூருக்கு இறங்கிய பஸ் ஆழமான பள்ளத்தில் வீழ்ந்தது. டிரைவர் உட்பட 37 பேர் உயிரிழந்தனர். அந்தப் பஸ்ஸில் 44 பேர் செல்லவே அனுமதி; ஏறியிருந்தவர்களோ 53 பேர். வெளிநாட்டவரும் அதில் இருந்தனர்.

இவ்விரண்டும் மலை ஏறும்போது நடந்தவை அல்ல; இறங்கும்போது நடந்தவை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். ஏற்றத்தில் இயந்திரம் முனகும், பயணிகள் அஞ்சுவர். இறக்கத்தில் பஸ் இலகுவாக ஓடும், பயணிகள் கண்ணயர்வர். ஆபத்து இருப்பதோ அந்த இலகுவில்தான்.

சூட்டின் கணக்கு

பிரேக் என்பது வேகத்தை மாயமாக மறையச் செய்யும் கருவி அன்று. ஓட்டத்தின் சக்தியை உரசலால் சூடாக மாற்றும் கருவியே அது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். உயரத்திலிருந்து இறங்கும்போது அதற்கு மேலும் சக்தி வந்து சேரும். ஆயிரம் மீட்டர் உயரத்தைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் பஸ்ஸில் உண்டாகும் சூடு, மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே பஸ்ஸை ஏறக்குறைய முப்பது தடவை முழுதாக நிறுத்துவதால் உண்டாகும் சூட்டுக்குச் சமம். கெந்திங்கின் உச்சியோ கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டரைத் தாண்டியது. பிரேக் கட்டைகள் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் அவற்றின் பிடிமானம் தளரும். அப்போது டிரைவர் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பஸ் நிற்காது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று பத்திரிகைகள் எழுதும் பல விபத்துக்களின் உட்கதை இதுவே.

இதற்கு மருந்து உண்டு. இறக்கம் தொடங்குமுன்னரே கியரைக் குறைத்து, இயந்திரமே பஸ்ஸை இழுத்துப் பிடிக்கும்படி மெல்ல இறங்க வேண்டும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்க வேண்டும். பெரிய பஸ்கள் பலவற்றில் இதற்கென்றே துணைக் கருவியும் உண்டு. பழகிய டிரைவருக்கு இது கைவந்த கலை. பழகாதவரையோ, முந்தின இரவு உறங்காதவரையோ, கட்டைகள் தேய்ந்த பஸ்ஸையோ மலைக்கு அனுப்பினால், அது விபத்தை நாமே அழைப்பதாகும்.

குறைந்த வாடகையின் விலை

ஒழுங்குக்குப் பெயர் பெற்ற ஜப்பானில் நடந்த ஒன்றைப் பார்ப்போம். 2016 ஜனவரி 15ஆம் தேதி பின்னிரவில், தோக்கியோவிலிருந்து பனிச்சறுக்கு விளையாட்டுக்கு இளைஞர்களை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று, கருயிசாவா நகருக்கு அருகே மலைச்சாலை இறக்கத்தில் வேகம் கட்டுக்கு அடங்காமல் சாலையை விட்டுப் பாய்ந்தது. 15 பேர் மாண்டனர். அவர்களில் இரண்டு டிரைவர்கள் தவிர மற்றவர் அனைவரும் இளைஞர்கள். பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். ஓட்டியவருக்குப் பெரிய பஸ்ஸில் போதிய பழக்கம் இல்லை என்பது பின்னர் வெளிவந்தது.

வியாபாரிகளாகிய நாம் ஊன்றிப் படிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. ஜப்பானில் வாடகைப் பஸ்ஸுக்குச் சட்டப்படி ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. அந்தப் பயணத்துக்குப் பேசப்பட்ட வாடகை அதற்கும் கீழே இருந்தது. குறைந்த வாடகை வாங்கியவர் எங்கே குறைப்பார்? எண்ணெயில் குறைக்க இயலாது. சாலைச் சுங்கத்தில் குறைக்க இயலாது. குறைக்கக் கூடியவை மூன்றே: டிரைவரின் சம்பளம், அவருடைய ஓய்வு, பஸ்ஸின் பராமரிப்பு. இம்மூன்றும் பயணியின் கண்ணுக்குத் தெரியாதவை. உட்காரும் மெத்தையும் குளிர்சாதனமும் பளபளப்பாகவே இருக்கும்.

2023ஆம் ஆண்டு நகானோ மாவட்ட நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் தலைவருக்கும், பஸ்களை அனுப்பும் பொறுப்பில் இருந்தவருக்கும் சிறைத்தண்டனை விதித்தது. ஓட்டியவர் விபத்திலேயே இறந்துவிட்டார் என்பதால் வழக்கு முடிந்துவிடவில்லை. கல்லாவில் இருப்பவரும் குற்றத்துக்குப் பொறுப்பாளி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சரக்கு லாரியும் வேனும் வைத்து நடத்தும் நம்மவர்களும் இதைத் தம் நெஞ்சில் எழுதிக்கொள்வது நலம்.

உறக்கம் என்னும் பகைவன்

அதே நாட்டில் 2012 ஏப்ரல் 29ஆம் தேதி விடியற்காலை, நெடுஞ்சாலையில் ஒரு பஸ் ஓரத்துச் சுவரில் மோதி 7 பேர் இறந்தனர். டிரைவர் உறங்கிவிட்டதே காரணம். அதன்பின் அரசாங்கம் இரவில் ஒரே டிரைவர் ஓட்டும் தூரத்தை 400 கிலோமீட்டராக வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, நாலரை மணி நேரம் ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வு கொள்ள வேண்டும். சாதாரணமாக ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது.

நாம் செய்வது என்ன? இரவெல்லாம் பயணம் செய்தால் ஓர் இரவு ஹோட்டல் வாடகை மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். காலையில் நாம் சுற்றிப் பார்க்கையில் அதே டிரைவர் அதே பஸ்ஸை ஓட்ட வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். உம்ராவுக்குச் செல்வோரும் இதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையில் 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாலைவனச் சாலை. 2019 அக்டோபரில் மதீனாவுக்கு அருகே யாத்திரிகர் சென்ற பஸ் ஒன்று மோதித் தீப்பற்றி 35 பேர் மாண்டனர். பகலில் புறப்பட இயலுமானால் பகலிலேயே புறப்படுவோம்.

வாரும் வாசலும்

பஸ் கவிழும்போது இருக்கையில் கட்டப்படாதவர் உள்ளேயே தூக்கி எறியப்படுகிறார். கண்ணாடி வழியே வெளியே வீசப்பட்டுப் பஸ்ஸின் அடியிலேயே நசுங்குவதும் உண்டு. மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் விரைவுப் பஸ்ஸிலும் சுற்றுலாப் பஸ்ஸிலும் பயணிகள் இருக்கை வார் அணிவது கட்டாயமாகியிருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சி அன்று, அறிவோடு அணிவோமாக.

வாசலையும் பார்த்து வைத்தல் வேண்டும். 2016 ஜூலை 19ஆம் தேதி தைவானில் சீனச் சுற்றுலாப் பயணிகள் சென்ற பஸ் ஒன்று தீப்பிடித்தது. 26 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தீ வைத்தவர் டிரைவரே என்பது விசாரணையில் தெரிந்தது. ஆயினும் அபாய வழி திறந்திருந்தால் சிலரேனும் தப்பியிருப்பர், அது திறக்கவில்லை. நம் பஸ்களில் அந்த வழியை அடைத்துக்கொண்டு பெட்டிகளும் சாப்பாட்டுத் தூக்குகளும் அடுக்கப்படுவதை நாம் காணாமலா இருக்கிறோம்?

இன்னொன்று. நம் நாட்டில் வாகனங்கள் இடப்புறமாக ஓடுகின்றன. தாய்லாந்திலும் ஜப்பானிலும் அப்படியே. கொரியா, தைவான், துருக்கி, சவூதி ஆகிய நாடுகளில் வலப்புறமாக ஓடுகின்றன. பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடப்பவர் பழக்கத்தால் முதலில் வலப்பக்கம் பார்க்கிறார். வண்டியோ இடப்பக்கமிருந்து வருகிறது. பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

நம் குற்றம்

பிறரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் நாற்பது பேருடன் கேமரன் மலைக்குப் போனோம். பஸ்ஸை வாடகைக்குப் பேசியவர் இதை எழுதும் நாமேதான். மற்றவர் கேட்டதைவிட முந்நூறு வெள்ளி குறைத்துப் பேசி முடித்ததை இரண்டு நாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தோம். இறங்கும்போது வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தது. கருகும் வாடை மூக்கை அடைத்தது. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரிய கடை முதலாளிகள் இருந்தனர். சபையில் மணிக்கணக்கில் பேசுவோர் இருந்தனர். டிரைவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமும், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்ற சமாதானமும் எங்கள் வாயைக் கட்டிவிட்டன.

முன்வரிசையில் இருந்த நன்னிம்மா ஒருவர்தாம் கம்பியைப் பிடித்து எழுந்து, "பெலான்-பெலான், நாக், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார். டிரைவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கியர் இறங்கும் ஓசை எல்லோருக்கும் கேட்டது. சற்றுத் தூரத்தில் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் சக்கரங்களை ஆறவிட்டார். எங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஒன்றும் நேராததால் அந்தக் கேள்வியை மறந்துவிடலாகாது: அந்த அம்மையார் வராமல் வீட்டில் இருந்திருந்தால்?

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பதைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கட்டாத ஒட்டகத்தின்மேல் பிள்ளைகளை ஏற்றிவிட்டு விதியைக் கூறுதல் தகாது.

முன்பணம் கொடுக்குமுன்

1. பஸ் எந்த ஆண்டு கட்டப்பட்டது? கடைசிப் பரிசோதனை எப்போது நடந்தது? சான்றிதழைக் காட்டுவார்களா?

2. எத்தனை டிரைவர்கள் வருவார்கள்? இரவில் அவர்கள் எங்கே உறங்குவார்கள்? அவர்களுக்கு அறை எடுப்பது நம் செலவானாலும் எடுத்துக் கொடுப்போம்.

3. அந்த மலைச்சாலை டிரைவருக்குப் பழக்கமானதா?

4. ஒவ்வோர் இருக்கையிலும் வார் உண்டா? அது பூட்டுகிறதா? கையால் பூட்டிப் பார்க்க வேண்டும்.

5. அனுமதித்த தொகைக்கு மேல் ஆள் ஏறுகிறார்களா? மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தையும் ஓர் ஆள்தான்.

6. அபாய வழியும், கண்ணாடி உடைக்கும் சுத்தியும், தீயணைக்கும் கருவியும் எங்கே உள்ளன?

7. பயண இன்ஷூரன்ஸ் உண்டா? பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதி ஊரில் யாரிடம் இருக்கிறது?

போகும் நாட்டின் அவசரத் தொலைபேசி எண்ணைக் கைப்பையில் எழுதி வைப்பதும் நன்று. மலேசியாவில் 999, சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கு 995, தாய்லாந்தில் 1669, ஜப்பான், கொரியா, தைவான் மூன்றிலும் 119, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112.

இவற்றுக்கு நேரே பதில் சொல்பவர் சற்றுக் கூடுதலாகக் கேட்பார். கொடுப்போம். நாற்பது பேருக்குப் பங்கிட்டால் அந்த முந்நூறு வெள்ளி, ஆளுக்கு ஏழரை வெள்ளி. ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவு. அடுத்த விடுமுறைப் பயணத்துக்குப் பஸ் பேசும் பொறுப்பு மீண்டும் நமக்கே வந்திருக்கிறது. இந்த ஏழு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வந்த பின்னரே முன்பணம் தரப்படும். முன்வரிசை இருக்கையை அந்த நன்னிம்மாவுக்கு இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டோம்.